பொட்டு வைத்த கியர்பொக்ஸ்

பழைய அமெரிக்கக் கார்களில் இருக்கும் ஓட்டோமெற்றிக் கியர்பொக்ஸ், தொழிற்சாலையில் அந்தக் காரோடு பூட்டியதுதானா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். ஆசையோடு வருகிறவரிடம் உண்மையைச் சொல்லிப் பழகியவர்களுக்கு இதன் கஷ்டம் விளங்கும்.

சாத்திரியார்

ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு தமிழ்க் கல்யாண மண்டபம். பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர் என்ன வேலை என்று விசாரித்தார். காருக்கு அடியில் படுத்து எண்ணெய்த்தட்டின் வடிவத்தைத் தடவினாலே எந்த வகைக் கியர்பொக்ஸ் என்று சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பொய்யில்லை. இந்த வட்டாரத்தில் பழைய கார்க்காரர்கள் சண்டை பிடித்தால் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். அவரோ தன் காரின் கியர் இழுக்கிறது, திருத்தித் தர ஏலுமா என்றார். புதுக் கார் தொடுவதில்லை, பழையதைப் பார்த்துச் சொல்வதோடு சரி என்றேன். அவர் வடையைக் கடித்தபடி கேட்டார்:

"அப்ப அண்ணை, நீங்கள் கியர்பொக்ஸுக்குச் சாத்திரம் பாக்கிறனீங்களோ?"

அண்ணனும் தம்பியும்

கொலோனிலிருந்து ஹெல்முட் ஒரு காரைக் கொண்டுவந்தார். இளவயதில் அவரும் அண்ணன் டீட்டரும் கூட்டாக வாங்கியது. பெரிய எஞ்சின் கார்களுக்கென்று கொஞ்சமாகச் செய்த அருமையான கியர்பொக்ஸ் அதில் இருந்தது. கார் டீட்டரின் கொட்டகையில் நின்ற காலத்தில், அவர் அதைக் கழற்றி விற்றுவிட்டுச் சாதாரணமான ஒன்றைப் பூட்டிவிட்டார் என்று யாரோ கதை கட்ட, ஹெல்முட் நம்பிவிட்டார். அண்ணன் சத்தியம் பண்ணியும் கேட்கவில்லை. பல வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. இப்போது டீட்டர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் காரைத் தம்பிக்கே அனுப்பியிருந்தார்.

வெளியே பார்க்க இந்த இரண்டு வகை மட்டும், எண்ணெய்த்தட்டு உட்பட, ஒன்றுபோலத்தான். வகையைக் காட்டும் சின்னத் தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. தொழிற்சாலையில் பூட்டியதென்றால் கியர்பொக்ஸின் உறையில் காரின் இலக்கத்தின் கடைசிப் பகுதி குத்தியிருக்கும். அதன்மேல் தார் மாதிரி அழுக்கு. ஊறவிட்டு மெல்லத்தான் சுரண்டவேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். ஹெல்முட் வாசலில் நின்று திரும்பினார்:

"அண்ணன் விக்கேல்லை எண்டால், நான் என்ன மனிசன்?"

ஆயுத பூசை

அந்தச் சனிக்கிழமை ஆயுத பூசை. வருடாவருடம் கராஜில் முறுக்குச் சாவிகளுக்கும், காரை உயர்த்தும் தூக்கிக்கும், தூக்கியில் நிற்கிற காருக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். முதலாளி ஊவேக்கு முன்பு அது விளையாட்டு. இப்போது பூசையில் படைக்கிற கடலைக்காக அவரே நாள் கேட்டு வைத்திருக்கிறார். ஹெல்முட்டின் கியர்பொக்ஸைப் பார்க்க மனது கேட்கவில்லை. நல்ல முடிவு வரட்டும் என்று அதன் பக்கவாட்டில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். ஊவே தலையை நீட்டினார்:

"எனக்கும் ஒண்டு வையுங்கோ, திங்கக்கிழமை கராஜைப் பாக்கப் பரிசோதனைக்காரர் வாறார்."

மஞ்சளும் சிவப்பும்

திங்கள் காலை எனக்கு முன்னரே ஹெல்முட் வந்து காரின் கீழே நின்றார். அந்தக் காலத் தொழிற்சாலைகளில் பூட்டிச் சரிபார்த்த பாகத்துக்குத் தூரிகையால் ஒரு பொட்டுப் பெயின்ற் வைப்பார்கள். கார்ப் பைத்தியங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவர் என் சந்தனத்தைக் கண்டு, தொழிற்சாலைப் பொட்டென்றே நினைத்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது அண்ணனுக்குப் போன் எடுத்து, அழுதழுது மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு என் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு? அது தொழிற்சாலைக்காரர் வைத்ததல்ல, பூசைக்கு நான் வைத்தது என்று சொல்லிவிட்டேன். ஹெல்முட் பக்கத்திலிருந்த டயரில் குந்திவிட்டார். போன் இன்னும் திறந்தபடி. டீட்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மரக்கட்டையை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது. காரின் இலக்கமேதான், ஒன்றும் பிசகவில்லை. இந்தத் தொழிலில் நான் அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். ஊவே அதைப் போனுக்குள் உரக்க வாசித்தார்.

பின்னேரம் டீட்டரே வந்தார். அண்ணனும் தம்பியும் காரின் கீழே தோளோடு தோள் நின்றார்கள். வெட்கத்தில் நான் பொட்டைத் துடைக்கத் துணியை எடுக்க, டீட்டர் என் கையைப் பிடித்தார்:

"நம்பர் எனக்கு எப்பவோ தெரியும். தம்பி போன் எடுத்தது இதைப் பாத்துத்தான். துடையாதேங்கோ."

ஆக, இத்தனை வருடம் கியர்பொக்ஸ்களுக்கு உண்மைச்சாட்சி சொல்லிய எனக்கு, தெரியாமல் சொன்ன ஒரேயொரு பொய்ச்சாட்சிக்குத்தான் இரண்டு பேர் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள்.