ஹார்பர் தனகோட்டி பிடித்த விரல்

அவர் பெயரை எழுதிய மனு என் கையில் இருந்தபோதுதான் அவர் இறந்த செய்தி வந்தது. திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள். வரிசையில் எனக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள். மனுக்களுக்கு நம்பர் போடுகிற அம்மாளுக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். போனைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பெரியவரே, உங்க எதிர்மனுதாரர் காலைல தவறிட்டாராம். மனுவ இன்னா பண்றீங்க? குடுக்கறீங்களா, எடுத்துக்கினு போறீங்களா?”

நான் வரிசையை விட்டு விலகவில்லை. என் முறை வந்ததும் பெயரை அடிக்காமலே கொடுத்தேன். அவருடைய கழிவுநீர் லாரிகள் அவரோடு சாகவில்லை. நம்பர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, நேராகச் சாவு வீட்டுக்குப் போனேன்.

முப்பதாம் நாள் படத்திறப்புக்கு அவர் மகள் செல்வி நினைவு மலர் போடுகிறாள். என்னைத் தேடி வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“எல்லாரும் அப்பாவ வள்ளல்னு எழுதிக் குடுத்துட்டாங்க மாமா. நீங்க உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க.”

“எழுதினா போடுவியா?”

“ஒரு எழுத்து எடுக்காம போடறேன்.”

அதை நம்பி எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டியவன். எழுத்து என்பதைப் பழைய மனு நகல்களைப் பார்த்துக் கற்றேன். அதனால் இதுவும் கொஞ்சம் மனு மாதிரிதான் இருக்கும். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அங்கே வள்ளல் இருக்கிறார்.

உங்களில் பலர் அவரை வெள்ளை வேட்டியும் பச்சைக்கரைத் துண்டுமாகக் கல்யாணங்களில் முதல் வரிசையில் பார்த்திருப்பீர்கள். தனகோட்டிக்கு ஹார்பர் என்ற பெயர் ஒட்டிய காலத்திலிருந்து நான் அவரை அறிவேன். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏலகிரி மலைமேல் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. இருபது வயதில் சென்னைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். எந்தச் சரக்கு எந்த கேட் வழியாக யாருக்கும் தெரியாமல் வெளியே போகும் என்று தீர்மானிக்கிற ஆட்களோடு அங்கே எட்டு வருஷம் இருந்தார். அந்தப் படிப்போடு ஊர் திரும்பினார். “துறைமுகத்துக்குத் தண்ணி எதுக்கு? சரக்கு எறங்கணும், ஏறணும், நடுவுல ஒருத்தன் நிக்கணும்” என்பார். இங்கே வந்து நடுவில் நின்றார். முதலில் பதனிடாத பச்சைத் தோல் லாரிகள், பிறகு ஆற்று மணல், கடைசியில் டேங்கர். அனுமதி இல்லாத சின்ன டேனரிகளின் கழிவுநீரை ஏற்றிக்கொண்டு போய் எங்காவது திறந்துவிடுகிற டேங்கர். அவர் சொல்லாமல் ஒரு வண்டி ஓடாது. எதிர்த்தவன் கை கால் முழுசாக இருக்காது. இதைத் தொழிலதிபர் என்று போஸ்டரில் எழுதியிருக்கிறார்கள்.

என் இடது முழங்கை முழுசாக மடங்காது. மணலைப் பற்றி நான் கொடுத்த முதல் மனுவுக்குக் கிடைத்த ஒரே பதில் அது. மூன்றாம் நாள் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு பிரெட் பாக்கெட்டும் அரை டஜன் வாழைப்பழமும்.

“நான் சொல்லல. ஆனா அடிச்சது என் ஆளுங்கதான்” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான். கேஸ் குடு. வாபஸ் வாங்குன்னு உன்கிட்ட வரமாட்டேன்.”

“பழத்த எடுத்துக்கினு போ.”

“கைதான் ஒடிஞ்சிது, வாய் நல்லாத்தான் கீது” என்று சிரித்துவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டு போனார்.

கேஸ் கொடுத்தேன். சொன்னபடியே என்னிடம் அவர் வரவில்லை. சாட்சிகள் நான்கு பேரிடமும் போனார். கேஸ் தள்ளுபடி ஆனது. அதை நான் மன்னிக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக என் முழங்கை மடங்கிவிடாது.

தோல் மண்டிக்குப் போகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே பச்சைத் தோலுக்கு வாயால் விலை பேசுவதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கை கொடுப்பார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று. சம்மதம் என்றால் உள்ளங்கையில் ஒரு அழுத்து. சம்மதமில்லை என்றால் கையை இழுத்துக்கொள்ளலாம். சுற்றி நிற்கிற ஐம்பது பேருக்கும் உள்ளே நடந்தது தெரியாது. சாட்சி இல்லாததனாலேயே அதை யாரும் மாற்றிச் சொல்வதில்லை. மாற்றிச் சொன்னவனோடு அதற்குப் பிறகு மண்டியில் ஒருவரும் துண்டு போடமாட்டார்கள். தனகோட்டி தோல் வியாபாரி இல்லை. ஆனாலும் சண்டையா, பங்கா, பாதையா, எதையும் அந்த முறையில்தான் முடிப்பார். பச்சைக்கரைத் துண்டு அவர் தோளில் கிடந்தது அதற்காகத்தான். “வாய் சொன்னத வாயே மறுக்கும். வெரல் மறுக்காது” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

எங்கள் ஊர்ச் சிறுபாலத்துக்கு முதல் டேங்கர் வந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்தக் காரியத்துக்கு அதுதான் நல்ல நேரம். பெண்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் போயிருப்பார்கள், ஆண்கள் டேனரியில் இருப்பார்கள். ஊரில் மிச்சம் இருப்பது என்னைப் போல வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள்தான். பாலத்தடியில் ஓடும் கால்வாய் ஏரிக்குப் போகிறது. அதற்குக் கிழக்கே ஒரு கிணறு, மேற்கே ஒரு கிணறு. ஊர் குடிக்கிற தண்ணீர் அவ்வளவுதான். டேங்கரைத் திறக்கவிடாமல் டிரைவரோடு சண்டை போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, தனகோட்டியைத் தேடிப் போனேன். அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார்.

“கையக் குடு மனுக்காரே.”

“துண்டுக்குள்ள பேசறது தோல் பேரம். இது தண்ணி. எழுதிக் குடு.”

“எழுதினா தூக்கம் வருமா உனக்கு?”

“வரும்.”

ஸ்டாம்ப் பேப்பரில் நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். எட்டாம் நாள் டேங்கர் வந்தது, திறந்துவிட்டது, போய்விட்டது. கிழக்குக் கிணற்றுத் தண்ணீர் காவி நிறமானது. வாளி போட்டால் கயிறு நாறியது. இன்று அது குப்பைக் குழி. பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

“கையெழுத்து போட்ட காகிதம் அத்தினியும் மீறியிருக்கேன். உனக்குத் தெரியாதா? நான் மீறாதது ஒண்ணே ஒண்ணு. அத நீட்டினேன், வேணான்ட்ட.”

அயோக்கியத்தனமான பதில்தான். ஆனால் அவர் காகிதத்தை மதிக்காதவர் என்பது எனக்கு முன்பே தெரியும். நான் மதிக்கிறதை அவரும் மதிக்கவேண்டும் என்ற வீம்பில் ஒரு கிணற்றை விட்டேன். கிழக்குத் தெருக்காரர்கள் இன்றும் என்னைத் திட்டுகிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

மறுநாள் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிறுபாலத்தின் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது நாள் உட்கார்ந்தேன். பத்தாம் நாள் காலை அவர் ஸ்கூட்டரில் தனியாக வந்தார். கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். கயிறு தாழ்ந்தது.

“இன்னா, குடித்தனத்த இங்கியே மாத்திட்டியா?”

“வாடக இல்ல. காத்தும் வருது.”

“ஏத்துங்கடான்னா என் பசங்க வண்டிய உன்மேலயே ஏத்துவானுங்க.”

“ஏத்தட்டும். நகல் ஏழு எடுத்து வெச்சிருக்கேன்.”

“செத்தும் மனு குடுப்பய்யா நீ” என்றபடி துண்டை விரித்தார்.

இந்த முறை கையைக் கொடுத்தேன். மூட்டைக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அவருடையது. விரல் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லும், பொருளை வாய்தான் சொல்லவேண்டும். மூன்று விரலைப் பிடித்து, “ஏரி, கால்வாய், மிச்சம் இருக்கற கெணறு” என்றேன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுத்தினார். விடுவதற்குள் என் சுண்டுவிரலைப் பிடித்தார். அவருக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

“மனுவுல என் பேர மட்டும் எழுது. டிரைவருங்க பேரு, கிளீனருங்க பேரு எழுதாத. புள்ளகுட்டிக்காரனுங்க. உள்ள போனா வெளிய எடுக்க ஆளில்லாதவனுங்க.”

நான் அழுத்தினேன்.

பதினாலு வருஷம் அந்த வார்த்தை நின்றது. நடுவில் ஒருமுறை புது டிரைவர் ஒருவன் தெரியாமல் வண்டியைப் பாலத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். போன் செய்தேன். அரை மணி நேரத்தில் வந்து, வண்டியை மெயின் ரோடு வரை ரிவர்சிலேயே போகவைத்தார். பிறகு மேற்குக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தார்.

“உப்பு ஜாஸ்தியா கீதே.”

“அது பூமி உப்பு. நீ போட்ட உப்பு கெழக்கால கீது, அங்க போய்க் குடி.”

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

டேங்கர்கள் நின்றுவிடவில்லை. சில நாட்றம்பள்ளிப் பக்கம் திரும்பின, சில பாலாற்று மணலில் திறந்தன. எங்கள் கிணறு தப்பியது, வேறு யார் கிணறோ போனது. இதை நான் மறைக்கவில்லை. அதற்காகத்தான் திங்கட்கிழமை தவறாமல் போய் நின்றேன். எல்லா மனுவிலும் அவர் பெயர் இருக்கும், ஒன்றிலும் டிரைவர் பெயர் இருக்காது. வழியில் பார்த்தால், “போன வாரம் இனிஷியல தப்பா போட்டுட்டியே” என்பார். நகல் அவருக்கும் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகப் பார்த்தபோது அவர் படுக்கையில் இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தம்பி மகன் குமரேசன்தான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

“உனக்கப்புறம் கெணறு இன்னா ஆவும்? குமரேசன்கிட்ட சொல்லி வெச்சியா?”

“சொல்லல. துண்டுல வெச்சத வாயால சொன்னா அது சிபாரிசு. அவன் கையிலேர்ந்து நீதான் வாங்கணும்.”

“குடுக்கலன்னா?”

“கட்டில் கீதில்ல?”

அவர் இறந்த மூன்றாம் நாளே சிறுபாலத்தில் ஒரு டேங்கர் வந்து நின்றது. திறக்கவில்லை. டிரைவரிடம் போனேன். “எடம் பாத்துட்டு வரச் சொன்னாங்க பெரியவரே” என்றான். அவன் பெயரை நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. மகன் இல்லாததால் குமரேசன்தான் எல்லாம் செய்தான். வாரிசுக்கு உருமால் கட்ட அந்தப் பச்சைக்கரைத் துண்டையே செல்வி எடுத்துக்கொடுத்தாள். அதைத் தலையில் கட்டிக்கொண்டு அவன் எழுந்ததும் நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

“துண்ட அவிழ்த்து கைமேல போடு.”

“இன்னா பெருசு, கருமாதில வந்து பேஜார் பண்ற?”

“உங்க பெரியப்பா என்கிட்ட ஒரு வார்த்த வெச்சிருக்காரு. ஏரி, கால்வாய், கெணறு. துண்டு உனக்குன்னா அந்த வார்த்தையும் உனக்குத்தான்.”

“அதெல்லாம் அவரோட போச்சு. யாரு சாட்சி?”

தோல் மண்டியின் மூத்த வியாபாரி ஒருவர் அங்கே நாற்காலியில் இருந்தார். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். எழுந்திருக்காமலே சொன்னார்: “துண்டுக்கு சாட்சி கேக்கறவனோட நாங்க துண்டு போடறதில்ல தம்பி. ஞாயித்துக்கெழம உன் தோல் லாரி மண்டிக்கு வரணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ.”

குமரேசன் துண்டை அவிழ்த்தான். கைமேல் போட்டான். மூன்று விரலைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி மூன்றையும் சொன்னேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்தவும் இல்லை. சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். துண்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

துண்டுக்குள் நடந்ததை வெளியில் சொல்வது மண்டி முறைக்கு விரோதம். தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் வார்த்தை மாறாதவர் என்று இந்த மலரில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாலையோடு வருகிறவர்கள், படத்துக்கு அதைப் போட்டுவிட்டுக் குமரேசனிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: அழுத்தினாயா? வேறு எதுவும் கேட்கவேண்டாம்.

தனகோட்டி நல்லவர் என்று நான் எழுதமாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என் சுண்டுவிரலில் அவர் பிடித்த பிடி. அடுத்த திங்கட்கிழமை மனுவில் எதிர்மனுதாரர் பெயர் குமரேசன் என்று இருக்கும். டிரைவர் பெயர் அதிலும் இருக்காது. நான் அழுத்திக் கொடுத்தது, அவர் இறந்தாலும் மாறாது.

கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டுச் சிறுபாலத்தின் குறுக்கே போட்டிருக்கிறேன். இதையும் அதில் உட்கார்ந்துதான் எழுதினேன். மறுமுனை காலியாக இருக்கிறது. குமரேசன் வரலாம். அவன் வரும்வரை நீங்களும் வந்து உட்காரலாம்.