ஐஸில் வைத்த இரத்தம்

பொட்டாசியம் எட்டைத் தாண்டியிருந்தது. ஐந்துக்குள் நிற்க வேண்டியது. எட்டென்றால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த நிரோஜா, மெஷின் காட்டியதைக் கண்டதும், இரத்தம் அனுப்பிய கடற்கரைப் பக்கத்துச் சின்ன ஆசுபத்திரிக்குப் போன் அடித்துவிட்டாள். விதிப்படி அவள் செய்தது சரி.

பிறகுதான் நான் ட்யூபைக் கையில் எடுத்தேன். சென்றிபியூஜில் சுற்றிய இரத்தத்தில் மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இதுவோ நல்ல சிவப்புச் சர்பத்தாக நின்றது. செங்குருதிக் கலங்கள் உடைந்திருந்தன. அதை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்த அற்றெண்டன் செல்வம் வெளியே ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“இதை எதில கொண்டு வந்தனீங்கள்?”

“கூல் பொக்ஸ் உடைஞ்சு போச்சு அக்கா. மீன்கடையில மீன் போடுற வெள்ளை ரெஜிபோம் பெட்டி வாங்கி, ஐஸுக்குள்ள நல்லாத் தாட்டுக் கொண்டு வந்தனான். பாரை மீனே ரெண்டு நாள் நிக்குது, இது ஒரு மணித்தியாலம் நிக்காதோ?”

சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. இரத்தம் அனுப்பிய டொக்டருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“ஈசிஜி நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா எட்டு எண்டு கேட்ட பிறகு ஆளை வச்சிருக்க எனக்குப் பயம். வவுனியாப் பெரியாசுபத்திரிக்கு ஆம்புலன்ஸில ஏத்தி விட்டிட்டன்.”

“போற வழியில எங்கட வாசல்ல நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் திரும்ப எடுத்துப் பாக்கிறன்.”

ஆம்புலன்ஸுக்குள் இருந்து வந்த சத்தத்தைக் கேட்டால், இதயம் நிற்கப் போகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாமான் கடை வைத்திருக்கும் ரசூல் நானா.

“மிஸ், அஸர் தொழுகைக்குப் பிறகு மகள்ட நிக்காஹ்! வாப்பா நான் இல்லாம ஆரு மாப்பிள்ளைட கையைப் பிடிச்சுக் குடுக்கிறது? கிளினிக் தவறினா டொக்டர் ஏசுவார் எண்டு வந்தது பிழையாப் போச்சே!”

மெதுவாக இரத்தம் எடுத்து, உறைந்ததும் சுற்ற வைத்தேன். என்னதான் நடந்தது என்று கேட்டுக் குடைந்தார்.

“நானா, இரத்தத்தில இருக்கிற ஒவ்வொரு சிவப்புக் கலத்தைச் சுத்தியும் கொழுப்பால ரெண்டு அடுக்கு மென்சவ்வு இருக்கு. அதுக்குள்ள புரதத்தால செய்த வாசல்களும் பம்புகளும். பம்ப் சோடியத்தை வெளியில தள்ளும், பொட்டாசியத்தை உள்ளுக்க இழுத்து வைக்கும். ஐஸ் பட்டுக் கட்டியாப் போனா மென்சவ்வு கிழிஞ்சிடும். உள்ள கிடந்த பொட்டாசியம் வெளியில கொட்டுப்படும். மெஷின் அதையும் சேத்துக் கணக்குப் பாத்திட்டுது.”

“அப்ப கூடினது என்ட உடம்பில இல்ல, ட்யூபிலயோ?”

“அப்பிடித்தான் நினைக்கிறன். பாத்துத்தான் சொல்லலாம்.”

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அவருக்கு உண்மையிலேயே கூடியிருக்கவும் இடமுண்டு. உடைந்த இரத்தம் அதைக் காட்டிக்கொடுக்காது.

சென்றிபியூஜின் மூடியைத் திறந்தேன். வைக்கோல் நிறம். மெஷின் நாலரை என்றது. டொக்டர் போனில் விட்ட பெருமூச்சு நிரோஜாவுக்கும் கேட்டது. ஆம்புலன்ஸ் திரும்புவதற்குள் ரசூல் நானா செல்வத்தின் மோட்டார்சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பரீட்சையில் மென்சவ்வைப் படம் வரைந்து புள்ளி வாங்கியவள்தான் நான். அதன் அருமை அன்றுதான் விளங்கியது. மெஷினுக்குக் கண் இல்லை, ட்யூபை முதலில் நீங்கள் பாருங்கள் என்று புதிதாக வருபவர்களுக்கு இன்றும் சொல்கிறேன்.

பின்னேரம் போன் வந்தது.

“மிஸ், கையைப் பிடிச்சுக் குடுத்திட்டன்,” என்றார் ரசூல் நானா. சொல்லும்போதே அழுதார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

நிரோஜா பதறிப்போய் ஓடிவந்தாள். “ஆருக்கு அக்கா பொட்டாசியம் கூடிட்டுது?”