கொல்லிமலையில் ‘இளவட்டம்’ ஓடிய கதை

கேபிள் டிவியில் நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு முதலாளி ஒருவர்தான். ஆனால் மழை, மின்வெட்டு, நேரம் பார்க்காமல் கூவும் சேவல் என்று மேலதிகாரிகள் ஏராளம். மைக் பிடித்துப் பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் சேர்ந்த சின்ன சேனல் கொல்லிமலையிலும் அடிவாரத்திலும் மட்டும் தெரியும். அதில் பழைய படமும் ஜவுளிக்கடை விளம்பரமும்தான் ஓடின. மலைப் பிள்ளைகளுக்கென்று பாட்டு, பேட்டி, விளையாட்டு எல்லாம் கலந்து வாரம் ஒரு நிகழ்ச்சி செய்யலாம் என்றேன். அங்கே இளைஞர்களுக்கென்று வந்த முதல் நிகழ்ச்சி அதுதான். பெயர் ‘இளவட்டம்’. தொகுப்பாளினி, இயக்குநர், மைக்கைத் துடைப்பவர் எல்லாம் நானே. கேமரா மட்டும் முருகேசண்ணன்.

முதல் விருந்தாளி

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு ‘நாடு’. வளப்பூர் நாட்டுச் செல்வம் வாயாலேயே பஸ் ஓட்டுவான். கியர் மாற்றுவது, கொண்டை ஊசி வளைவில் திணறுவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அசல். அவனையே முதல் விருந்தாளியாக்கி, ரோட்டோரப் பலா மரத்தடியில் உட்கார வைத்தோம். கேமரா ஓடியது. செல்வம் உற்சாகமாக நீளமாய் ஒரு ஹாரன் அடித்தான்.

மிளகுத் தோட்டத்துக்குள்ளிருந்து ஓர் அம்மா, தலையில் மூட்டையோடு, “நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். பஸ்ஸைக் காணோம். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் மூட்டையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“பஸ்ஸு வராட்டிப் போவுது கண்ணு, நானும் டிவியில வருவனா?”

கடைசிப் பாயிண்ட்

அரியூர் நாட்டுக்கும் திண்ணனூர் நாட்டுக்கும் வாலிபால் இறுதி ஆட்டம். இரண்டு அணியும் சளைக்காமல் ஆடின. கடைசிப் பாயிண்டை அரியூர் அடித்துக் கூட்டம் குதித்த நேரம், முருகேசண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பேட்டரி தீர்ந்து கேமரா அதற்கு முன்பே நின்றிருந்தது.

அழாத குறையாக இரண்டு அணியிடமும் கெஞ்சினேன். பேட்டரி மாற்றியதும் அந்த ஒரு பாயிண்டை மட்டும் திரும்ப ஆடச் சம்மதித்தார்கள். அரியூர் ஜெயிப்பதாகத்தான் பேச்சு. ஆனால் பந்து மேலே போனதும் பேச்சை யார் நினைக்கிறார்கள்? திண்ணனூர் கேப்டன் எகிறி அடித்த அடி அரியூர்க்காரர்கள் நடுவில் இறங்கியது. கைகலப்பு வரப்போகிறது என்று நான் குறுக்கே ஓட, அந்தக் கேப்டனோ சிரித்துக்கொண்டே போய் அரியூர் கேப்டன் தோளில் கை போட்டான்:

“கோப்பைய நீங்க எடுத்துக்கங்க, டிவிய எங்களுக்கு விட்டுருங்க!”

முதலாளியின் முடிவு

இத்தனை நடந்தும் விளம்பரம் வரவில்லை. ஒரு வாரம் முதலாளி என்னிடம் சொல்லாமலேயே ‘இளவட்ட’த்தைத் தூக்கிவிட்டுப் பழைய படம் போட்டார். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மலையிலிருந்து இறங்கிய பஸ், எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டத்தையே கொட்டிவிட்டுப் போனது. எல்லாம் காலேஜ் வயசு. முதலாளி கதவோரமாய் ஒதுங்கி நின்றார். முன்னால் நின்ற பூங்கொடி என்ற பெண் சத்தம் போடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“நடிகருங்க மூஞ்சிய எந்த டிவியிலயும் பாத்துக்கலாமுங்க, எங்க மூஞ்சிய வேற எதுலங்க பாக்கறது?”

பூங்கொடியின் கேள்வி

நிகழ்ச்சி மறுபடி வந்தது. பூங்கொடியே தொகுப்பாளினி ஆனாள். நான் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டேன். பெரியவர்களைப் பிள்ளைகள் கேள்வி கேட்கும் பகுதியில், தன் அப்பாவையே பேட்டி எடுப்பதாகச் சொன்னாள். மரவள்ளிக் காட்டோரம் ஊரே திரண்டு நின்றது. மிளகு விலை, மழை என்று அவர் மலர்ந்து பேசினார். திடீரென்று, “காலேஜ் முடிச்சுட்டேன். மேல படிக்கச் சேலம் அனுப்புவீங்களாப்பா?” என்றாள்.

வீட்டில் பல முறை மறுத்திருந்தாராம்; எனக்குத் தெரியாது. அவர் மகளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், கடைசியில் கேமராவைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது:

“இத்தன பேரு முன்னால கேட்டா இல்லீன்னா சொல்ல முடியும்? போயிட்டு வா சாமி!”

ஒரு நிகழ்ச்சி நன்றாக ஓடுகிறது என்பதற்கு அடையாளம், அதன் தொகுப்பாளினி அதை விட்டுவிட்டு ஓடுவதுதான் போலிருக்கிறது.