எஸ்தர் அக்காவின் சமையற்கட்டில் நான் விட்ட நெய்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற உங்களிடம் சொல்லாமல் முருகன் முன்னால் நிற்க முடியவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச எதிர்வீட்டு கமலா எழுதுகிறாள். "ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா, கை வலிக்குது" என்கிறாள்.

1998 மார்ச் மாதம். ஏழு வயதுக் குழந்தை ஒன்று என்னால் மூச்சு முட்டி விழுந்தது.

அப்போது நான் அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகன் கணேசன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மருமகள் லியா யூதப் பெண். தங்கமான பெண். ரசத்தில் மட்டும் பூண்டை அள்ளிப் போடுவாள், அது கிடக்கட்டும். சனிக்கிழமைதோறும் அவர்களுடைய ஜெபக்கூடத்துக்கு எல்லோரும் போவோம். தோரா என்கிற வேதச் சுருளிலிருந்து வாரம் ஒரு பகுதி வாசிப்பார்கள். அவர்கள் குருவான ரபி அதற்கு விளக்கம் சொல்லுவார். பேத்தி மாயா பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக என் காதில் சொல்லுவாள். அண்ணன் தம்பிச் சண்டை, பொறாமை, பஞ்சம் எல்லாம் நம் கதைகள் மாதிரியே இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிக்கும். முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு.

ஜெபக்கூடத்துச் சமையற்கட்டு, அங்கே சமையலைப் பார்த்துக்கொள்கிற எஸ்தர் அக்காவின் ராஜ்யம். சாவியைக் கழுத்திலேயே மாட்டியிருப்பார். சனிக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே சமைத்துவிடுவோம். கறியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது. கறிப் பாத்திரத்துக்குச் சிவப்புப் பட்டை, பாலுக்கு நீலம், இரண்டும் படாததற்குப் பச்சை. எழுத்துத் தெரியாத எனக்கு அது சௌகரியம். நான் சைவம் என்பதால் ஒரு பச்சைப் பட்டைப் பாத்திரத்தை எலுமிச்சை சாதத்துக்கென்றே கொடுத்திருந்தார். வெளிச் சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று லியா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மூன்று வாரம் அப்படியே செய்தேன். நாலாவது வாரம் மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சாதத்தில் ஒரு சொட்டு நெய் விழுந்தால்தான் அன்னம் சுத்தமாகும். நெய் படாத சோற்றை விருந்தாளிக்கு வைப்பதா? நானே உருக்கிய நெய்யை ஒரு சின்ன டப்பாவில் கைப்பையில் கொண்டுபோனேன். எஸ்தர் அக்கா கோழியைப் பார்க்கத் திரும்பினார். ஒரு கரண்டி விட்டேன். பால்தானே கூடாது, நெய் எப்படிப் பாலாகும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படி நினைத்திருந்தால், அவர் திரும்புகிற வரைக்கும் ஏன் காத்திருந்தேன்?

எஸ்தர் அக்காவின் பேத்தி ஹன்னாவுக்குப் பால் ஆகாது. பிறந்தநாள் பார்ட்டியில்கூட வாயைக் கட்டிக்கொண்டு உட்காருகிற குழந்தை. கோழி சமைக்கிற நாளில் பால் கிட்டவே வராது என்பதால் பாட்டியின் சாப்பாட்டை மட்டும்தான் பயமில்லாமல் சாப்பிடும். அந்தச் சனிக்கிழமை என் சாதத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. சனிக்கிழமையில் லைட் சுவிட்சைக்கூடத் தொடாத எஸ்தர் அக்கா ஓடிப்போய் போனை எடுத்தார். உயிர் என்று வந்துவிட்டால் அவர்கள் வேறெதையும் பார்ப்பதில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு மாயா சொன்னாள். "எதுலயோ மில்க் இருந்திருக்கு பாட்டி. பட் ஹவ்?"

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நெய்யும் பாலாடி?"

"ஆமா பாட்டி, நெய் இஸ் மில்க். வொய்?"

"சும்மா கேட்டேன்."

இதைச் சொல்லத்தான் வெட்கப்படுகிறேன். குழந்தை உயிருக்குப் போராடும்போது "சும்மா கேட்டேன்" என்றேன். மகன் மானம் போகும், மருமகள் தலைகுனிவாள் என்று பயம். கோட்டுகள் தொங்குகிற அறைக்குள் போய் நின்று அழுதேன். "முருகா, புள்ள பொழச்சிரட்டும். பொழச்சா என் வாயால நானே சொல்லிர்றேன்."

பொழுது சாயும் முன்னே தகவல் வந்தது. மூச்சு சீராகிவிட்டது, பசிக்கிறது என்கிறதாம்.

முருகன் வாக்கைக் காப்பாற்றினான். நான் காப்பாற்றவில்லை. ஞாயிறு போனது, திங்கள் போனது. வியாழக்கிழமை லியா அழுதுகொண்டே வந்தாள். "அம்மா, எஸ்தர் கிச்சன் சாவி ரபிகிட்ட குடுத்துட்டா. எனக்கு வயசாச்சு, லேபிள் சரியா பாக்கல, என் தப்புன்னு சொல்றா." நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வாசித்த பகுதி காணிக்கைகளைப் பற்றியது. மாயா காதில் சொன்னாள். "தெரியாம தப்பு பண்ணவங்ககூட, தெரிஞ்சதும் சும்மா இருக்கக் கூடாது பாட்டி. வந்து சொல்லணும். ஏன் அழறீங்க?"

"முருகா, நாக்கக் குடு" என்று மட்டும் கேட்டேன். கொடுத்தான். எழுந்து கடைசி வரிசையில் கோட்டோடு உட்கார்ந்திருந்த எஸ்தர் அக்காவிடம் போனேன். மாயா முகம் வெளுக்க வெளுக்க, நான் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னாள்.

அவர் ஒன்றுதான் கேட்டார். "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுதுன்னு கேக்கறாங்க, பாட்டி."

"அன்னைக்கே."

அவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. மாயா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏழு நாள், பாட்டி. ஏழு நாளா அவங்க பேத்திய அவங்களே கொல்லப் பாத்தாங்கன்னு நெனச்சுட்டு இருந்தாங்களாம்."

நெய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழு நாளைப் பற்றித்தான். எழுந்து போய்விட்டார்.

ஞாயிறு காலை லியா எழுப்பினாள். "அம்மா, எஸ்தர் உங்கள கூப்பிடறா. பழைய டிரெஸ் போடுங்க." போனால் சாவி மறுபடியும் அவர் கழுத்தில். நெய் கலந்த தோஷம் போக, ரபி சொன்னபடி பாத்திரங்களையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அவர் முக்கினார், நான் துடைத்தேன். நாள் முழுக்க அதே வேலை. போகும்போது ஒரு கப் டீயை என் பக்கம் தள்ளி வைத்தார். பால் விடாத டீ. அமிர்தமாக இருந்தது.

இப்போதும் வெள்ளிக்கிழமை பகலில் போகிறேன். காய் நறுக்கத்தான் விடுகிறார், சாதம் இன்னும் என் கைக்கு வரவில்லை. அது நியாயம்தான். ஹன்னா நன்றாக இருக்கிறாள், அது போதும். "சும்மா கேட்டேன்" என்று பொய் சொன்னதற்காக மாயாவிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஓகே பாட்டி" என்றாள். ஓகே இல்லை என்று எனக்குத் தெரியும்.

குழந்தையைத் திருப்பிக் கொடுத்தவனும் முருகன்தான், என் நாக்கைத் திருப்பிக் கொடுத்தவனும் அவன்தான். நம்பிக் கேளுங்கள், தருவான். ஆனால் கேட்கும்போது எதையாவது சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால், ஏழு நாள் வைத்திருக்காதீர்கள். உங்கள் தப்புக்காக அங்கே ஒருத்தி தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். இப்போதே போய்ச் சொல்லுங்கள்.