ஆண்டவருக்கும் ஒளித்து வளர்த்த பிள்ளை

உடன்குடி ஏசுவடியாளுக்கு வானம் கறுத்தாலும் பயம், வெளுத்தாலும் பயம். கறுத்தால் பதநீர் கெட்டுப்போகுமே என்பாள். வெளுத்தால் கிணறு வற்றிப்போகுமே என்பாள். புருஷன் ஞானசிகாமணி கருப்பட்டிச் சிப்பங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டால் போதும், அவன் திரும்பி வரும்வரை இவள் மனசுக்குள் அந்த வண்டி ஆற்றில் கவிழ்ந்துகொண்டே இருக்கும். சரியான பயந்தாங்கொள்ளி என்று தெருவே கேலி செய்தது. செய்யட்டும். மூன்று பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தவள் வேறு எப்படி இருப்பாளாம்?

மூன்றும் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, வைத்த பேர் வாயில் பழகுமுன்னே போய்விட்டன. ஒன்று கக்குவான் இருமலில், ஒன்று பேதியில், ஒன்று காரணமே தெரியாமல். அப்போதுதான் பாழாய்ப்போன அந்த எண்ணம் அவளுக்குள் நுழைந்தது. ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று, இது என் பிள்ளை, இன்ன பேர் என்று ஊரறியச் சொன்னதால்தான் சாவுக்குக் காது கேட்டுவிட்டது!

வெள்ளைக்கார ராஜா டில்லியில் முடிசூட்டிக்கொண்ட வருஷம் நாலாவது பிறந்தான். பிறந்த ஈரம் காயுமுன்னே மருத்துவச்சி காதில் ஓதினாள்: "பிள்ளையைக் குப்பையில போட்டுத் தவிட்டுக்கு வித்துரு. அடுத்தவ பிள்ளைன்னா சாவு அண்டாது."

வேதக்காரி செய்கிற காரியமா இது? செய்தாள். புருஷன் வண்டியோடு போயிருந்த சமயம் பார்த்து, பிள்ளையை அரிசி புடைக்கிற சுளகில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தினாள். பக்கத்து வீட்டு ஆசியா உம்மாள் ஓலைப்பெட்டி நிறையத் தவிடு கொடுத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

"ஏளா, ஏழு பெத்தவ நான். எட்டாவதா இவனையும் சேத்துக்கிடுதேன். பயல் லட்சணமாத்தான் இருக்கான், தவிடு நட்டமில்ல!"

"சிரிக்காதிய ராத்தா. இனி இவன் உங்க பிள்ளை. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

பிள்ளையைப் பிச்சை என்று கூப்பிட்டார்கள். பகலெல்லாம் ஆசியா வீட்டில் வளர்ந்தான், பால் கொடுத்தவள் ஏசுவடியாள்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கொடுப்பாள். வெளியே ஒரு முத்தம் கிடையாது. உன் மகனா என்று வழிப்போக்கர் யாராவது கேட்டால், ஆசியா ராத்தா மகன் என்பாள். ஞானஸ்நானப் பேச்செடுத்தால் ஒரு நாள் பிள்ளைக்குச் சளி, ஒரு நாள் அவளுக்குத் தலைவலி, ஒரு நாள் வண்டிமாட்டுக்குக் கால்நோவு. ஞானசிகாமணி சத்தம் போட்டுப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. குடும்ப ஜெபத்தில் ஊரிலுள்ள நோயாளிகள், விதவைகள், கொழும்புக்குக் கப்பலேறினவர்கள் எல்லாருக்காகவும் உருகி உருகி வேண்டுவாள். பிள்ளையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள்.

பிள்ளைக்குப் பேச்சு வந்தது. ஆசியாவை "உம்மா" என்றான். அந்த வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு, பெற்றவளை "அக்கா" என்றான். அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் நல்லதுதான், கேட்கிற காதுக்கு இதுவே கேட்கட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பங்குனி வெயில் கொளுத்திய நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கொடுத்த கஷாயமெல்லாம் வெளியே வந்தது. ஏசுவடியாள் மடியில் போட்டால் திமிறினான், தொட்டால் கையைத் தட்டிவிட்டான். "உம்மா, உம்மா" என்று ஒரே அழுகை. ஆசியா உம்மாள் ஓடி வந்து தூக்கினதும், அவள் தோளில் முகத்தைப் புதைத்து அடங்கிவிட்டான். பெற்றவள் வெறுங்கையோடு நின்றாள்.

பின்கட்டுக்குப் போய் உரலடியில் முழங்காலிட்டாள். ஜெபிக்க வாயைத் திறந்தாள். எந்தப் பிள்ளைக்காகக் கேட்பது? அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவா? அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. சாவுக்கு மட்டுமா ஒளித்தாள்? கொடுத்தவருக்கும் அல்லவா ஒளித்துவிட்டாள்! மூன்றைப் பறித்தவர் நாலாவதைக் கண்டால் விடமாட்டார் என்று, அவர் கண்ணில் படாமலே வளர்க்கப் பார்த்திருக்கிறாள்.

"ஆண்டவரே, உம்மையே களவாணின்னு நெனச்சுட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நீர் தந்த பிள்ளை இவன். நாளைக்கு இருப்பானோ, போயிருவானோ, எனக்குத் தெரியாது. அதை நீர் பாத்துக்கிடும். இன்னைக்கு என் பிள்ளையை என் பிள்ளைன்னு நான் சொல்லுதேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் வந்தாள். "கோயிலுக்குப் புறப்படுங்க. பேரு வைக்கணும்."

"பைத்தியமா புடிச்சிருக்கு? மொதல்ல காய்ச்சல் விடட்டும்."

"அதுவரைக்கும் இருந்தா எனக்குப் பயம் திரும்ப வந்துரும். இப்பமே வாங்க."

கொதிக்கிற பிள்ளையை ஆசியா கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆசியாவும் பின்னாலேயே வந்து கோயில் வாசலில் நின்றுகொண்டாள். குருவானவர் பிள்ளையின் பேரைக் கேட்டார். மூன்று தடவை இதே இடத்தில் நின்று பதில் சொன்னவள்! தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞானசிகாமணி தானே சொல்லிவிட வாயெடுத்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கிருபைராஜ்," என்றாள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். "என் மகன், ஐயா."

தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டான். வாசலைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "உம்மா!" என்றான். ஏசுவடியாள் விடாமல் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"அம்மா இங்கனதாம்லே இருக்கேன். நாந்தாம்லே உன் அம்மா."

ஆசியா உம்மாள் முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைய நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

காய்ச்சல் இறங்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. பயம் போய்விட்டது என்றா நினைக்கிறீர்கள்? அந்த வாரம் முழுவதும் அவள் நடுங்கிக்கொண்டேதான் கிடந்தாள். ஆனால் ஜெபத்துக்கு உட்காரும்போதெல்லாம் வாசல் கதவை அகலத் திறந்துபோட்டாள். என் மகன் கிருபைராஜ், என் மகன் கிருபைராஜ் என்று தெருவுக்கே கேட்கும்படி ஆண்டவரிடம் பேர் சொல்லிக் கேட்டாள்.