நடந்து வரும் புளியமரங்கள்

தேனிக்குப் போகும் பஸ் உத்தமபாளையம் தாண்டி ஒரு கள்ளுக்கடை முன் நிற்கிறது. இரண்டு நாளாகத் தூங்காத டிரைவர் மூன்று மொந்தை குடிக்கிறார். வெயில் தாங்காமல் நானும் குடித்துவிட்டு அவர் பக்கத்திலேயே ஏறி உட்காருகிறேன். பஸ் கிளம்பியும் வேகம் காட்டும் முள் அசையவில்லை.

"வேகம் எப்படித் தெரியும்?" என்கிறேன்.

"முள்ளு செத்து ஒரு வருசமாச்சுங்கய்யா. ரோட்டோரப் புளியமரந்தான் கணக்கு. ஓடி வந்தா வேகம். நடந்து வந்தா இன்னும் மிதிக்கலாம். பாருங்க, நடந்துதான வருது? மொதலாளி வேற வெரசா வரச் சொல்லியிருக்காக."

மிதிக்கிறார். எனக்கும் மரங்கள் நடந்துதான் வருகின்றன.

பின்னால் ஒருத்தி பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டு, "நிறுத்துங்கய்யா, நிறுத்துங்க!" என்று அலறுகிறாள். அவள் குடிக்கவில்லை, அவளுக்கு மரங்கள் ஓடி வருகின்றன. அது என் புத்திக்குத் தெரிகிறது. பயம்தான் வர மாட்டேன் என்கிறது.