சித்தப்பா மைக்கில் காணாமல் போன ‘நாளைக்கு’

மைக் செட்டுத் தொழிலில் தொண்டை கட்டினால் சமாளிக்கலாம், காது அடைத்தால்தான் பேஜார். லீவு நாளில் மோகன் சித்தப்பாவின் ஆட்டோவில் ஏறி, உத்திரமேரூர் சுற்றுவட்டாரமெல்லாம் அறிவிப்புச் செய்கிற பதினேழு வயசுக்காரி சொல்கிறேன். மைக் பிடித்து அவதிப்பட்டவர்களுக்குப் புரியும். எந்தக் குரலும் ஒரு தரம் கேட்டால் போதும், என் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஏரி பேசிய குரல்

சாலவாக்கம் ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம், கண் முகாம் அறிவிப்பு. சும்மா வாசித்தால் எனக்கே தூக்கம் வந்தது. பால் சொசைட்டி தலைவர் மாதிரி மூக்கால் வாசித்தேன். குரல் தண்ணீர்மேல் மெல்லப் போய், எதிர்க்கரையைத் தொட்டு, யாரோ கனவில் பேசுகிற மாதிரி திரும்பி வந்தது. வரப்பில் நின்று கேட்ட தலைவரே ஆட்டோ பக்கத்தில் வந்தார். செத்தோம் என்று நினைத்தேன்.

“யம்மா, முகாம் என்னிக்குன்னு நான் சொன்னேன்? சரியா காதுல வுழல.”

நெத்திலி

மற்றவர்கள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லி மைக்கைச் சோதிப்பார்கள். சித்தப்பா மறுநாள் சமையலைச் சொல்லிப் பார்ப்பார். “ஹலோ, நாளைக்கு நெத்திலிக் கொழம்பு. நாளன்னிக்குக் கத்திரிக்கா.” பெருநகர் குழாயடியில் செல்வி அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி வண்டியை மறித்தார்.

“நெத்திலின்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கினு போயிட்ட, எங்க வூட்ல எல்லாம் நெத்திலி கேக்குது. நீயே வாங்கிக் குடு.”

எல்லாம் ஒண்ணு

ஆடி மாசத்திலிருந்து சித்தப்பா “ஹலோ, ஹலோ” என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் குரலில் பேசிச் சித்தியை ஏமாற்றப் பார்த்தேன். குரல் வந்தது, அதில் அவர் இல்லை. என்ன குறைகிறது என்று ரெண்டு நாள் உன்னிப்பாகக் கேட்டேன். அவர் பேச்சில் ‘நாளைக்கு’ இல்லை. அந்த இடத்தில் ‘எப்பவும்’ உட்கார்ந்திருந்தது. மானாம்பதி தீமிதியில் ஜெனரேட்டர் நின்றதும் வாயாலேயே நாதஸ்வரம் ஊதி ஊரைச் சிரிக்கவைத்தது அவர் ஓயாமல் சொல்லும் கதை. அது ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

“எல்லாத் திருவிழாவும் ஒண்ணுதாண்டி. நான் போனா எப்பவும் எதனா நின்னுபூடும்.”

புதுக் குரல்

மறுநாள் பட்டப்பகல். ரோட்டோர நெற்கதிருக்கு மேலே தும்பிகள் மிதந்தன. மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்: “சித்தப்பா, செத்துடலாம்னு தோணுதா?”

வண்டியை ஓரமாக நிறுத்தினார். “தோணிக்கினே கீது. வேற வழி யோசிச்சா ஒண்ணும் தெரியல.”

நான் நகரவில்லை. சித்திக்குப் போன் போட்டேன். சித்தியும் அவர் தம்பியும் வந்தார்கள்; தம்பி ஆட்டோவை ஓட்ட, எல்லோருமாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். “இந்த நோவு வந்தா பழசெல்லாம் ஒரே மாதிரி தெரியும், நாளைக்குன்றதே தெரியாது. மாத்திரையும் பேச்சும் சேந்து சரிபண்ணும். தனியா மட்டும் வுடாதீங்க” என்றார் மனநல டாக்டர். வெளியே பெஞ்சில் சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

“அப்ப ரோட்ல கேட்டியே, அது யார் குரல்டி? நான் கேட்டதே இல்ல.”

ஹலோ

மாத்திரை நடக்கிறது. சில நாள் ‘எப்பவும்’ திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்குச் சித்தியோ நானோ கூடவே இருப்போம். போன வாரம் பெருநகரில் சித்தப்பாவே மைக்கை எடுத்தார். “ஹலோ, நாளைக்கு...” அப்புறம் ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் வயல்மேல் பனி மாதிரி பரவியது. செல்வி அக்கா குடத்தை இறக்கிவைத்தார்.

“நாளைக்கு இன்னான்னு சொல்லிட்டுப் போ மோகனு. எங்க வூட்ல கேப்பாங்க.”

ஊர்க் குரலையெல்லாம் திருடிக்கொண்டிருந்த எனக்கு இப்போது கிடைத்திருக்கும் நிரந்தர வேலை, நாளைக்கு என்ன குழம்பு என்று தினமும் என் சொந்தக் குரலில் சித்தப்பாவை நச்சரிப்பது.